ஒரே லிஃப்ட், இரண்டு பெயர்

நிரலாக்கம் படிக்கும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஜாவா நிரல்மொழியில் ஒரு லிஃப்ட் ஆப்ஜெக்டை (தன் நிலையும் செயல்களும் சேர்ந்த ஒரு பொருளை) உருவாக்கி, ‘அ’ என்ற மாறியில் வைக்கிறோம். லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கிறது. அடுத்த வரி: ஆ = அ. பிறகு ‘ஆ’வை மூன்று மாடி ஏறச் சொல்கிறோம். இப்போது ‘அ’ எங்கே?

“தரைத்தளத்துலதான் சார், ஏறினது ஆதானே!” என்று பலர் சொல்வார்கள். தவறு. ‘அ’வும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரம் நாம்தான் எண்களை வைத்துப் பழக்கினோம். க = 5, ச = க, பிறகு ச = 6 என்றால் ‘க’ 5 ஆகவே இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே லிஃப்டுக்கும் கொண்டுவருகிறார்கள். ஆனால் ‘அ’ என்ற மாறிக்குள் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் நினைவகத்தில் வேறோர் இடத்தில் கிடக்கிறது; மாறியில் இருப்பது அங்கே போக வழிகாட்டும் குறிப்பு மட்டும். ஆ = அ என்றதும் நகலானது அந்தக் குறிப்புதான். எத்தனை லிஃப்ட் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமானால், மாறிகளை எண்ணாதீர்கள். புதிய ஆப்ஜெக்டை உருவாக்கும் ‘நியூ’ கட்டளை எத்தனை முறை ஓடியது என்று எண்ணுங்கள்.

பலகையில் ஒரு பெட்டி, அதை நோக்கி இரண்டு அம்புகள். இந்தப் படத்தை மாணவர் கையாலேயே வரையச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைக்கேல் கோலிங் குழுவினர் 1990களின் இறுதியில் உருவாக்கிய, ஜாவா கற்பதற்கான புளூஜே மென்பொருள் ஆப்ஜெக்டுகளைத் திரையிலேயே காட்டுகிறது: அவை சிவப்புப் பெட்டிகளாக வந்து நிற்கும், சொடுக்கி வேலை வாங்கலாம். ஜாவா நிரல் ஓடத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்’ மந்திரத்தை முதல் நாளே ஓத வேண்டியதில்லை. அதில் வரும் ‘ஸ்டாட்டிக்’குக்கு ஆப்ஜெக்ட் இல்லாமலே இயங்குவது என்று பொருள்! ஆப்ஜெக்ட் பாடத்தை ஆப்ஜெக்ட் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தோம். 2025இல் வந்த ஜாவா 25 இந்தக் கட்டாயத்தை ஒருவழியாக நீக்கிவிட்டது.

கணினியே இல்லாமலும் சொல்லித்தரலாம். 1989இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் அறிமுகப்படுத்திய அட்டை முறை அது. ஓர் அட்டையில் மூன்றே விஷயங்கள்: கிளாஸின் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சின்) பெயர், அதன் பொறுப்புகள், அது யாரிடம் உதவி கேட்கும். மாணவர்களில் ஒருவர் லிஃப்டாக, ஒருவர் கதவாக, ஒருவர் பொத்தானாக நடிக்க வேண்டும். லிஃப்ட் கிளம்பும் முன், “கதவு மூடியிருக்கா?” என்று கேட்க வேண்டும், கதவின் அட்டையை எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்ப்பவரைக் கதவே தடுத்துவிடும்! உள்விவரங்களை வெளியார் தொடாமல் மறைத்துக் காப்பதற்கான ‘என்கேப்சுலேஷன்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும். இந்த நிரலாக்க முறைக்கு ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட்’ என்று பெயர் வைத்த ஆலன் கே, முக்கியம் ஆப்ஜெக்ட் அல்ல, அவற்றுக்கிடையே போகும் செய்திகள்தான் என்று பின்னாளில் எழுதினார்.

ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளை வாரிசாகப் பெறும் இன்ஹெரிட்டன்ஸுக்கு நாய், பூனை, விலங்கு என்று உதாரணம் தருவதை நான் கைவிடச் சொல்வேன். அதில் எதுவும் உடையாது. உடையாத உதாரணத்தில் கற்க எதுவுமில்லை. சதுரத்தைச் செவ்வகத்தின் வாரிசாக எழுதச் சொல்லுங்கள். செவ்வகத்துக்காக எழுதிய நிரல் அகலத்தை 5 ஆக்கும், உயரத்தை 4 ஆக்கும், பரப்பு 20 வரும் என்று நம்பும். சதுரமோ எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டுமே என்று இரண்டையும் 4 ஆக்கிக்கொண்டு 16 என்று நிற்கும்.

“சதுரமும் ஒரு செவ்வகம்னுதானே சார் படிச்சோம்?”

ஆமாம். ஆனால் கணக்குப் புத்தகத்துச் சதுரத்தின் அகலத்தை யாரும் நடுவில் வந்து மாற்றியதில்லையே!