எடிர்னேயின் எட்டுத் தூண்கள்

துருக்கியின் எடிர்னே நகரில் இருக்கும் செலிமியே பள்ளிவாசலின் குவிமாடம் சுமார் 31 மீட்டர் அகலம். ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமுக்காக இதைக் கட்டியவர் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். 1568 வாக்கில் வேலை தொடங்கி, சுல்தான் இறந்த பிறகு 1575இல் திறக்கப்பட்டது. தான் கட்டியதிலேயே தலைசிறந்தது இதுதான் என்று சினானே சொல்லியிருக்கிறார். அது வெறும் பெருமை இல்லை.

குவிமாடம் கீழே மட்டும் அழுத்துவதில்லை. சாய்த்து வைத்த ஏணியின் கால் வழுக்கப் பார்ப்பதுபோல, அதன் அடி விளிம்பு எல்லாப் பக்கமும் வெளியே விலகப் பார்க்கும். செங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். இஸ்தான்புல்லில் தேவாலயமாக எழுந்த ஹாகியா சோபியா 537இல் கட்டி முடிந்தது; 558இலேயே அதன் குவிமாடம் சரிந்தது. அங்கே சுமை முழுவதும் நான்கு பெருந்தூண்களில். கிழக்கிலும் மேற்கிலும் அரைக் குவிமாடங்கள் முட்டுக் கொடுக்கின்றன. மற்ற இரண்டு பக்கங்களில் அந்த ஆதரவு இல்லை. செலிமியே எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே ஹாகியா சோபியாவுக்கு முட்டுச்சுவர் கட்டிப் பலப்படுத்தும் பொறுப்பும் சினானிடம்தான் வந்தது. நோயைக் கிட்டே இருந்து பார்த்தவர் அவர்.

சரி, என்ன செய்தார்? நான்கை எட்டாக்கினார். 31 மீட்டர் வட்டத்துக்குள் எண்கோணம் வரைந்தால் ஒரு பக்கம் சுமார் 12 மீட்டர்தான் வரும். வளைவு ஒவ்வொன்றும் சிறிதாகிவிடுகிறது. வெளித்தள்ளலும் எட்டாகப் பிரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் குவிமாடத்தைச் சுற்றி எட்டுச் சிறு கோபுரங்கள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். தூண்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் பாரம் அவை. பக்கவாட்டில் வரும் தள்ளலோடு அந்த எடையும் சேரும்போது, விசையின் திசை தரையை நோக்கித் திரும்புகிறது. தூண்கள் சுவரோரமாகவே நிற்பதால் உள்ளே தொழுகிறவர்களுக்கு மிஹ்ராபை, அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர்க் குழிவை, அவை மறைப்பதில்லை.

1912-13 பால்கன் போர் முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டும் குவிமாடம் விழவில்லை.

அப்புறம் அந்த நான்கு மினாராக்கள். சுமார் 70 மீட்டர் உயரம், ஒவ்வொன்றிலும் மூன்று மாடங்கள். குவிமாடத்தைவிட எனக்கு இவைதான் பெரிய வியப்பு. இரண்டு மினாராக்களின் உள்ளே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு மூன்று தனித்தனிச் சுருள் படிக்கட்டுகள் போகின்றன. மினாராவின் குறுக்களவோ 4 மீட்டர்கூட இல்லை. பாங்கு சொல்ல மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏறினாலும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே மேலே போய்விடலாம்.