ஒத்தார் அழுத்தம்

ஒன்பதாம் வகுப்புப் பெண். இரட்டைச் சடையில் எண்ணெய் மினுங்கப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு திங்கட்கிழமை காலையில் எண்ணெயே கூடாது என்று அம்மாவிடம் மல்லுக்கு நிற்கிறாள். எந்தத் தோழியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத இருவர் பின் பெஞ்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்குத்தான் 'பியர் பிரஷர்' என்று பெயர். அதை 'நண்பர்கள் அழுத்தம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் தோழிகள் மேல் வீண்பழி போடுகிறார்கள்.

'பியர்' என்ற சொல்லின் வேரில் நட்பு இல்லை. லத்தீனில் 'பார்' என்றால் சமம்; அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சிறையிடக் கூடாது என்றது 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்து உரிமைச் சாசனம். அங்கே சமமானவர்களின் தீர்ப்பு ஒரு பாதுகாப்பு. வகுப்பறையில் அதற்கு மேல்முறையீடே கிடையாது.

'பியர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ஈழத்தில் இயல்பாகப் புழங்கும் 'சகபாடி' நல்ல சொல்தான். ஆனால் அது உடன் படிப்பவரை மட்டும் குறிக்கும். தெருவில் உடன் விளையாடுகிறவளும் அத்தை மகளும் அதில் அடங்க மாட்டார்கள். 'சமவயதினர்' துல்லியமானது, கணக்கெடுப்புப் படிவத்தின் வாடையும் அடிக்கிறது. என் வாக்கு 'ஒத்தார்' என்பதற்கே.

அந்தச் சொல்லின் சுற்றத்தைப் பாருங்கள். ஒப்பு, ஒப்பீடு, ஒப்பனை, ஒப்பாரி எல்லாம் ஒரே குடும்பம். ஒப்பாரி என்றதும் இழவு வீடுதான் நினைவுக்கு வரும். 1071ஆம் குறளிலோ அதற்கு 'ஒத்திருத்தல்' என்றே பொருள். இறந்தவரை இன்னதற்கு ஒப்பு என்று சொல்லிச் சொல்லி அழும் பாட்டுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. கண்ணாடி முன் ஒரு பெண் கழிக்கும் அரைமணி நேரம் ஒப்பீட்டில் தொடங்கி, ஒப்பனை வழியாக, ஒப்பாரியில் முடிவதும் உண்டு.

'அழுத்தம்' பற்றித்தான் எனக்கு மனக்குறை. மேலிருந்து யாரும் அழுத்துவதில்லை. 'ஊரோடும்போது ஒத்தோடு' என்ற பழமொழிதான் நடக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் சிலரிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள் பேசிவைத்தபடி தவறான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர், கண்ணெதிரே தெரிந்ததை ஒரு முறையாவது விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் கல்லூரியில் படித்த ஆண்கள். இதைப் பெண்பிள்ளைகளின் பலவீனம் என்பவர்கள் கவனிக்கவும்.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சொல் 'செல்ஃப் எஸ்டீம்'. 'எஸ்டீம்' என்பதும் மதிப்பிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததே. 'சுயமரியாதை' 1925 முதல் ஓர் இயக்கத்தின் பெயர். 'தன்மானம்' சீண்டினால் சிலிர்த்தெழுவது. ஒருத்தி தன்னைத் தானே எவ்வளவுக்கு மதிக்கிறாள் என்பதைச் சொல்ல 'தன்மதிப்பு' போதும்.

பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகள் 2021இல் வெளியே கசிந்தன. தம் உடலைப் பற்றி வருந்திக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திரையில் ஃபில்டர் போட்டு வழவழப்பாக்கப்பட்ட முகங்கள் யாருக்கும் ஒத்தவை அல்ல, அவற்றின் சொந்தக்காரிகளுக்கே ஒத்தவை அல்ல. அங்கிருந்து வரும் அழுத்தத்துக்கு 'ஒத்தார்' பொருந்தாது. வேறு சொல்தான் தேட வேண்டும்.