இன்ஸ்டால் செய்தாயிற்றே, ஏன் ‘இல்லை’ என்கிறது பைதன்?

பைதன் என்ற புரோகிராம் மொழியில் அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் பொதியை இன்ஸ்டால் செய்தாயிற்று. புரோகிராமை ஓட்டினால் அதே சிவப்பு எழுத்து: ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’, அதாவது அழைத்த மாட்யூல் (எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் துண்டு) கிடைக்கவில்லை. பொதிகளை இறக்கி ஏற்றும் பிப்பிடம் திரும்பவும் போனால், ‘ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’ என்கிறது. ஏற்கெனவே இருக்கிறதாம். இலங்கை மலையகத்து ஹட்டனில் ஐசிடி (தகவல் தொழில்நுட்ப) வகுப்பு எடுக்கும் எனக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் வாட்ஸ்அப் இதுதான்: “சேர், பிப் இருக்குங்குது, பைதன் இல்லைங்குது. யாரு பொய் சொல்றா?”

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு இடத்தில் பார்த்துவிட்டுப் பேசுகின்றன. இது தெரியாமல் பலர் பைதனையே அழித்துவிட்டுப் புதிதாக இறக்குகிறார்கள். மலைக்குப் பின்னால் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அதற்கு ஒரு ராத்திரியும் ரீலோட் போட்ட டேட்டாவும் போகும். பிழை அங்கேயே இருக்கும்.

ஒரு மாட்யூலை அழைக்கும் இம்போர்ட் என்ற வரியைக் கண்டதும் பைதன் கணினி முழுவதையும் துழாவுவதில்லை. இந்த ஓட்டத்தில் அந்த மாட்யூல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சிஸ், டைம் போலத் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவற்றில் பார்க்கும். அங்கேயும் இல்லையென்றால்தான் சிஸ்.பாத் என்ற பட்டியலைக் கையில் எடுக்கும். அது வெறும் கோப்புறைகளின் வரிசை. முதலில் நிற்பது நீங்கள் ஓட்டும் கோப்பு இருக்கும் கோப்புறை. பிறகு பைதனோடு வரும் நியம நூலகம். கடைசிப் பக்கமாக சைட்-பேக்கேஜஸ். பிப் இறக்குவது வழக்கமாக இங்கேதான் வந்து விழும். பெயர் பொருந்தும் முதல் இடத்திலேயே தேடல் நின்றுவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) தனி இலக்கம் இல்லாத தோட்டத்தில் எல்லோருடைய கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். மேற்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) ஒரு செல்லையா, கீழ்க்கணக்கில் ஒரு செல்லையா. கொண்டுபோகிறவர் மேற்கணக்கில் முதலில் கேட்டு, “ஆமா, நான்தான்” என்று ஒரு குரல் வந்தால் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். கடிதம் வங்கியிலிருந்து கீழ்க்கணக்குச் செல்லையாவுக்கு வந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பைதனில் இந்தக் குழப்பம் மிகச் சுலபமாக நடக்கும். ஒரு மாணவி, அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தின் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறாள். தேதி, காலை நிறை, பின்னேர நிறை என்று மூன்று நிரல்கள் கொண்ட சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பு. அதைப் படிக்கும் புரோகிராமுக்கு ‘சிஎஸ்வி.பை’ என்றே பெயர் வைத்துச் சேமிக்கிறாள். முதல் வரி ‘இம்போர்ட் சிஎஸ்வி’. நியம நூலகத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. ஆனால் பட்டியலில் முன்னால் நிற்பது அவளுடைய கோப்புறை. எனவே அவளுடைய கோப்பு தன்னையே அழைத்துக்கொள்கிறது. அதில், கோப்பைப் படிக்க அவள் தேடும் ‘ரீடர்’ என்று எதுவும் இல்லை. வரும் செய்தியோ, பாதி தயாரான சிஎஸ்வி மாட்யூலில் ‘ரீடர்’ இல்லை, சுற்று இம்போர்ட்டாக இருக்கலாம் என்கிறது. படிக்கிறவருக்கு இதில் என்ன விளங்கும்? 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் ‘உன் கோப்பின் பெயரை மாற்றிப் பார்’ என்று செய்தி நேராகச் சொல்லத் தொடங்கியது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. அதே கோப்புறையில் ஒழுங்காக எழுதிய இன்னொரு புரோகிராம் பாண்டாஸை அழைத்தால் அதுவும் விழும். பாண்டாஸ் தன் உள்வேலைக்கு சிஎஸ்வியை அழைக்கிறது. அதற்குக் கிடைப்பதும் கொழுந்துக் கணக்குதான். குற்றம் சாட்டப்படுவது பாண்டாஸ், செய்தது பக்கத்தில் கிடக்கும் கோப்பு. வேடிக்கை என்னவென்றால், ‘டைம்.பை’ என்று பெயர் வைத்தால் இந்த வம்பு வராது. டைம் உள்ளேயே கட்டப்பட்டது என்பதால் பட்டியலுக்குப் போகும் முன்பே கிடைத்துவிடும். அப்போது உங்கள் கோப்பைத்தான் யாரும் இம்போர்ட் செய்ய முடியாது.

எந்தக் கோப்பு வந்து ஏறியது என்று சந்தேகமா? ‘பிரின்ட்(சிஎஸ்வி.__ஃபைல்__)’ என்று ஒரு வரி போதும், முழுப் பாதையும் வந்துவிடும். இம்போர்ட் வரியிலேயே புரோகிராம் விழுந்தால், பிழைச் செய்தியில் ‘ஃபைல்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள், அந்தக் கோப்பின் பாதை அங்கே இருக்கும். பெயரை மாற்றிய பிறகு, பைதன் தனக்காக மாற்றிவைத்த பிரதிகள் கிடக்கும் பைகேஷ் கோப்புறையையும் அழிக்க வேண்டும் என்பார்கள். அது, பிரதி மூலக் கோப்பின் பக்கத்திலேயே கிடந்த பைதன் 2 காலத்து அறிவுரையின் மிச்சம். இப்போது மூலக் கோப்பு இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் பழைய பிரதியை பைதன் தொடுவதில்லை.

சரி, பிப் விவகாரத்துக்கு வருவோம். ஒரே கணினியில் இரண்டு பைதன் இருப்பது சாதாரணம். அண்ணன் எப்போதோ போட்டது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ். கட்டளை அடிக்கும் டெர்மினலில் ‘பிப்’ என்று அடித்தால் ஒன்றுக்குப் போகும். நீங்கள் புரோகிராம் எழுதும் விஎஸ் கோட் ஓட்டுவது மற்றதாக இருக்கும். ‘பிப் --வெர்ஷன்’ என்று கேட்டால் தான் எந்தப் பைதனுக்குச் சொந்தம் என்பதைப் பாதையோடு காட்டும். புரோகிராமுக்குள் ‘பிரின்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)’ போட்டால் ஓடுவது எது என்று தெரியும் (மேலே ‘இம்போர்ட் சிஸ்’ வேண்டும்). இரண்டும் பொருந்தாவிட்டால் வழக்கு முடிந்தது. இனிமேல் ‘பைதன் -எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்றே அடியுங்கள். எந்தப் பைதனை அழைக்கிறீர்களோ அதன் பிப்தான் வேலை செய்யும். அப்புறம் விஎஸ் கோட்டிலும் அதே பைதனைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பில்லோ என்று இறக்கி ‘பிஐஎல்’ என்று அழைக்க வேண்டும். ஓப்பன்சிவி-பைதன் ‘சிவி2’ ஆகிவிடும். சைகிட்-லேர்ன் ‘எஸ்கேலேர்ன்’. மனப்பாடம் செய்ய வேறு வழியில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் இம்போர்ட் பார்க்கும், விண்டோஸிலும்கூட.

இன்டர்நெட்டே இல்லாத பாடசாலை லேப் என்றால் டவுனில் வேலையை முடித்துக்கொண்டு போகலாம். ‘பிப் டவுன்லோட் பாண்டாஸ்’ என்றால் அதற்குத் தேவையான துணைப் பொதிகளும் சேர்ந்து கோப்புகளாக இறங்கும். பென் டிரைவில் கொண்டுபோய், லேபில் பிப் இன்ஸ்டாலோடு ‘--நோ-இன்டெக்ஸ்’, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ இரண்டையும் சேர்த்துக் கோப்புறையைக் காட்டினால் வலைப்பக்கம் போகாமலே ஏற்றும். இறங்கிய கோப்பின் பெயரில் ‘சிபி312’ என்பதுபோல ஒரு துண்டு இருக்கும், பைதன் 3.12க்கு உரியது என்று அர்த்தம். லேபில் இருப்பது 3.8 என்றால் அது ஏறாது. அதனால் டவுனுக்கு பஸ் ஏறும் முன்பே லேப் கணினியில் ‘பைதன் --வெர்ஷன்’ அடித்து, வரும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பைதன் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் சேர்த்து.