விண்வெளி ஆயுதமயமாக்கல்: இதற்குத் தமிழ் என்ன?

அண்ணன் மகள் பள்ளிப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வாங்கி வந்திருந்தாள். “நாடுகள் விண்வெளியை ஆயுதமயமாக்குவது தேவையா, தேவையற்றதா?” அவளுக்குக் கிடைத்தது ‘தேவை’ அணி. வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, “சித்தப்பா, ஆயுதமயம்னா விண்வெளி பூரா ஆயுதம் இருக்கணுமா, ஒண்ணு இருந்தாப் போதுமா?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் ஜெனீவாவில் நடக்கும் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் சொல்லின் வாலைப் பார்ப்போம். மயம் என்பது வடமொழி விகுதி. ஒன்றால் ஆனது, ஒன்று நிறைந்தது என்று பொருள். ஈர விறகை அடுப்பில் வைத்தால் வீடே புகைமயம். 1991-க்குப் பிறகு தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று மூன்று மயங்கள் செய்தித்தாளில் குடியேறின. அதே அச்சில் வார்த்ததுதான் ‘வெப்பனைசேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் வைத்த ஆயுதமயமாக்கல். வார்ப்பில் ஒரு பிசகு. ஆங்கிலச் சொல் நிறைவைச் சொல்வதில்லை. ஓரிடத்துக்கு ஆயுதத்தைக் கொண்டுபோகும் செயலைச் சொல்கிறது. முதல் ஆயுதம் போய்ச் சேர்ந்த அன்றே அது நடந்துவிட்டது. தமிழில் ‘மயம்’ என்று காதில் விழுந்தால், வானம் முழுக்கப் பீரங்கி மிதக்கும் காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அந்த முதல் ஆயுதம் என்றைக்கோ போய்விட்டது. சோவியத் ஒன்றியம் 1974இல் ஏவிய சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் ஒரு பீரங்கி பொருத்தியிருந்தார்கள். 1975 ஜனவரியில், நிலையத்தில் ஆள் யாரும் இல்லாத நேரத்தில், தரையிலிருந்தே இயக்கிச் சுட்டும் பார்த்தார்கள். ஆகவே அண்ணன் மகளுக்கு நான் சொன்ன பதில்: ஒண்ணு போதும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் இராணுவமயமாக்கல். அது வேறு. உளவு பார்க்க, வழி காட்ட, செய்தி அனுப்ப என்று படைகள் விண்வெளியைப் பயன்படுத்துவதெல்லாம் அதில் அடங்கும். அது 1960களிலேயே முடிந்த கதை. ஆட்டோக்காரர் கைப்பேசியைப் பார்த்து சந்து கண்டுபிடிக்கிறாரே, அந்த ஜிபிஎஸ் அமெரிக்க விண்வெளிப் படை நடத்துவது. நம் கடற்படைக்கென்றே ஜிசாட்-7 என்ற செயற்கைக்கோள் 2013இல் போயிற்று. இதை இன்று எந்த நாடும் பெரிதாகத் தடுக்கச் சொல்வதில்லை. சண்டையெல்லாம் அடுத்த படியில்தான்.

சரி, ஆயுதம். வடமொழியில் ‘யுத்’ என்றால் போரிடு. யுத்தம் பிறந்த அதே வேர். போருக்கு உதவுவது ஆயுதம். தமிழில் இதற்கு நேராகப் படை, படைக்கலம், படைக்கருவி என்று சொற்கள் உண்டு. படை என்பது சேனையையும் குறிக்கும், சேனையின் கையில் இருப்பதையும் குறிக்கும். அதனால்தான் தனியாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் ‘கலம்’ சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதத்தை விரட்டிவிட்டுப் படைக்கலத்தை உட்கார வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆயுதம் நம் ஊர்ச் சொல்லாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மேலும், வடமொழி வேரில் இல்லாத ஒரு பொருளைத் தமிழர்கள் அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

ஆயுத பூசையன்று ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்பேனருக்குச் சந்தனம், துளைபோடும் இயந்திரத்துக்குக் குங்குமம், எடைத்தராசுக்கு ஒரு முழம் கதம்பம். இதில் எது போருக்குப் போனது? தொழில் செய்யும் கருவி எல்லாமே அன்றைக்கு ஆயுதம்தான். பழைய கதையிலும் பலராமன் கையில் இருப்பது கலப்பை. உழுவதும் அதுவே, அடிப்பதும் அதுவே. கருவிக்கும் ஆயுதத்துக்கும் நடுவே கோடு போட முடியாது என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. விண்வெளி ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தலைவலியாகிவிட்டது.

ஆனால் அதற்கும் முந்தைய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது இலக்கணச் சிக்கல். விண்வெளி ஆயுதம் என்பது ஒரு தொகை. தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம் என்று பள்ளியில் விரித்தோமே, அதுபோல் இதிலும் வேற்றுமை உருபு ஒளிந்திருக்கிறது. எந்த உருபு? விண்வெளியில் நிற்கும் ஆயுதமா? விண்வெளிக்கு ஏவும் ஆயுதமா? விண்வெளியிலிருந்து தரையைத் தாக்கும் ஆயுதமா? மூன்றும் மூன்று வேறு பொருள்கள். வல்லரசுகளின் வாதத்தை மேலே கொஞ்சம் சுரண்டினால் உள்ளே இந்த உருபுச் சண்டைதான் தெரியும்.

1967இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தம் ஏழாம் வேற்றுமைக்காரர்களின், அதாவது ‘இல்’ உருபுக்காரர்களின் ஒப்பந்தம். பூமியைச் சுற்றும் பாதையில் அணு ஆயுதத்தையோ வேறு பேரழிவு ஆயுதத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் பெருங்கடலுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன, மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் சில பழுதாயின. அதனால் அணுவைத் தடுத்தார்கள். சாதாரணப் பீரங்கியைப் பற்றி ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை. சல்யூட்-3இல் சுட்டது சட்டமீறல் அல்ல என்பது படித்தவுடன் விசித்திரமாகத்தான் இருக்கும்.

2008இல் ரஷ்யாவும் சீனாவும் ஒரு வரைவைக் கொண்டுவந்தன. 2014இல் திருத்தியும் தந்தன. விண்வெளியில் எந்த ஆயுதமும் நிறுத்தக் கூடாது என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதுவும் ‘இல்’ உருபோடு நின்றுவிட்டது. தரையிலிருந்து ஏவிச் செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணை அதற்குள் வராது. வரைவைத் தந்த சீனா 2007 ஜனவரியில் தன்னுடைய பழைய வானிலைச் செயற்கைக்கோளை அப்படித்தான் உடைத்திருந்தது. ‘கு’ உருபை விட்டுவிட்டீர்கள், சரிபார்க்கும் வழியும் சொல்லவில்லை என்று அமெரிக்கா மறுத்தது. அமெரிக்காவும் யோக்கியம் இல்லை: 1985இல் எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு ஒன்றை உடைத்திருக்கிறது, 2008இல் கப்பலிலிருந்து இன்னொன்றை.

இந்தியா 2019 மார்ச் 27 அன்று செய்ததும் நான்காம் வேற்றுமை, அதாவது ‘கு’ உருபு ஆயுதம்தான். ஒடிசா கடலோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து போன ஏவுகணை, 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் மைக்ரோசாட்-ஆர் என்ற நம் செயற்கைக்கோளிலேயே மோதியது. அன்று வெளியுறவு அமைச்சகம் தந்த விளக்கத்தில், விண்வெளியில் ஆயுதப் போட்டிக்கு இந்தியா வரவில்லை, ஆயுதமயமாக்கலை எதிர்க்கிறது என்றும் இருந்தது. பலர் இதைக் கேலி செய்தார்கள். ஏழாம் வேற்றுமையில் வாசித்தால் முரண்பாடு இல்லை; நான்காம் வேற்றுமையில் வாசித்தால் உண்டு.

‘தேவை’ அணிக்கு இங்கே ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வாட்ஸ்அப் குறிப்பில் அது இல்லாததால் நானே எடுத்துக் கொடுத்தேன். 1968இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1-க்கு முன் அணுகுண்டை வெடித்தவர்களை மட்டும் அணு ஆயுத நாடு என்று ஏற்றுக்கொண்டது. பிந்தியவர்களுக்குக் கதவு அடைபட்டது. விண்வெளிக்கும் நாளை அப்படி ஒரு தேதி குறிக்கப்பட்டால் உள்ளே இருக்க வேண்டாமா என்ற கணக்கு 2019இல் பலர் பேசியது. வெளியே நின்று பார்த்த அனுபவம் உள்ள நாட்டுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இனி அந்தக் கருவிச் சிக்கல். கூடாநட்பு அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு: “தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார் / அழுதகண் ணீரும் அனைத்து.” படை என்ற சொல் இங்கே சேனை அல்ல, ஆயுதம். கும்பிட்ட கைக்குள் அது ஒடுங்கியிருக்கலாம். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியன்-21, செத்துப்போன தங்கள் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்து ஒதுக்குப்புறமான பாதைக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டது. குப்பை அள்ளும் வண்டி செய்கிற நல்ல காரியம். அதே கை அடுத்த நாட்டின் உயிருள்ள செயற்கைக்கோளையும் பிடிக்கும். 2025 ஜனவரியில் இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களை விண்ணிலேயே நெருங்க வைத்து இணைத்தபோது நாம் கைதட்டினோம். நாம் கட்டப்போகும் விண்வெளி நிலையத்துக்கு அது தேவை. பக்கத்து நாட்டுப் படைத்தளபதி அதை எப்படிப் பார்த்திருப்பார்? பட்டறை ஸ்பேனரை ஆயுதப் பட்டியலில் சேர்ப்பதா என்ற அதே கேள்வி.

பெயர்ச்சொல்லைப் பிடித்து இழுத்தால் இது தீராது என்பது என் எண்ணம். எது ஆயுதம் என்று வரையறுக்கப் போனால் அடுத்த நூற்றாண்டுக்கும் பேசலாம். வினைச்சொல்லைப் பிடிக்க வேண்டும்: எந்தச் செயல் கூடாது?

அதற்கும் நம் செய்தித்தமிழ் வினையைச் சரியாகச் சொல்ல வேண்டும். 2019இல் தொலைக்காட்சியிலும் தாளிலும் ‘செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்தியது’ என்றார்கள். பிரதமர் இந்தியில் சொன்னதும் அதே பொருள்தான். காக்கையைச் சுட்டால் விழும், விமானத்தைச் சுட்டால் விழும். நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அடிபட்டால் விழாது, நொறுங்கும். நொறுங்கிய துண்டுகள் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் தாழ்ந்த உயரத்தில் உடைத்ததால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் காற்றுமண்டலத்தில் எரிந்தன. மேலே தெறித்த சில ஓராண்டுக்கு மேலும் சுற்றின. சீனா உடைத்தது 860 கிலோமீட்டர் உயரத்தில். கண்காணிக்கும் அளவுள்ள துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல். பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் காஸ்மோஸ்-1408ஐ உடைத்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தப்பிக்கும் கலங்களுக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. அதில் இருவர் ரஷ்யர்கள். ‘வீழ்த்தியது’ என்று எழுதும்போது இந்தக் குப்பை முழுவதும் சொல்லிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை வினைச்சொல் வழிக்கு வந்தது. தரையிலிருந்து ஏவிச் செயற்கைக்கோளை உடைத்துப் பார்க்கும் சோதனை இனி வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு. எதிர்ப்பு 9, அதில் ரஷ்யாவும் சீனாவும் உண்டு. ஒதுங்கியவை 9, அதில் இந்தியா உண்டு. உடைக்காமல் முடக்கும் வழிகளை அந்தத் தீர்மானம் தொடவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், அண்ணன் மகள் எந்த அணியில் இருந்தாலும், அன்று நாம் ஒதுங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், சொற்கள். ஆயுதமயமாக்கலுக்கு ‘விண்ணில் படைக்கலம் நிறுத்தல்’ என்று நான் எழுதிவருகிறேன். நீளம்தான், ஆனால் உருபு வெளியே தெரிகிறது, ‘மயம்’ இல்லை. தாளில் விண்வெளி ஆயுதம் என்றே போட்டாலும் சரி, முதல் தடவையாவது ‘இல்’, ‘கு’, ‘இலிருந்து’ எது என்று விரித்துவிட வேண்டும். ஏசாட் என்பதற்குச் ‘செயற்கைக்கோள் எதிர்ப்பு ஏவுகணை’ என்கிறார்கள். எதிர்ப்பு என்றால் எனக்குக் கறுப்புக் கொடிதான் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் செயற்கைக்கோளைச் செய்மதி என்பார்கள். அழகான, சின்னச் சொல். அதை வாங்கிக்கொண்டு ‘செய்மதி நொறுக்கி’ என்று குறிப்பில் எழுதிக் கொடுத்தேன்.

படித்துப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். “முறுக்கு விளம்பரம் மாதிரி இருக்கு சித்தப்பா.”