ஆசிட் பாட்டிலுக்கு முன்னால் குழாயைத் திறங்கள்

பத்தாம் வகுப்புக்கு அமிலங்களின் பண்புகளைச் செய்து காட்டும் நாளில், லேப்பைத் திறந்ததும் நான் முதலில் சிங்க் குழாயைத் திருகிப் பார்ப்பேன். தண்ணீர் வரவில்லையென்றால் அன்றைக்கு ஆசிட் அலமாரியின் பூட்டு திறக்காது. பிள்ளைகள் முகம் தொங்கிப்போகும். பரவாயில்லை.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், வேறொரு பள்ளியில், ஒரு பையனின் புறங்கையில் நீர்த்த கந்தக அமிலம் கொட்டிவிட்டது. குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நான் தண்ணீருக்கு வெளியே ஓடிய நேரத்தில், அவன் நண்பன் சோடா உப்பை அள்ளிவந்து கையில் வைத்துத் தேய்த்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும் என்று அந்த வாரம்தான் நான் நடத்தியிருந்தேன். அதைத் தோலில் செய்யக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லவில்லை. தேய்த்ததில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் குடிநீர்க் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினோம்.

சோடா உப்பு தரையில் சிந்திய ஆசிட்டுக்கு. தோலுக்குத் தண்ணீர்தான், அதுவும் ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். ஆசிட் பட்ட துணியைக் கூச்சம் பார்க்காமல் உடனே கழற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே 20 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு. மஞ்சள், டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் கிட்டே வரக்கூடாது.

'டைல்யூட்தானே சார்' என்பார்கள். நீர்த்த கந்தக அமிலம் ஒரு சொட்டு பருத்திச் சட்டையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அமிலம் போகாது. துணியிலேயே இருந்து அடர்ந்துகொண்டே வரும். இரண்டு நாள் கழித்துத் துவைக்கும்போது அந்த இடம் பொடிந்து ஓட்டையாகும். சீருடையில் எலி கடித்துவிட்டது என்று ஓர் அம்மா கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வரிசையாக ஐந்து ஓட்டை. எலி எங்கே அப்படிக் கடிக்கும்?

நீர்க்கச் செய்யும் வேலையை மாணவர்களிடம் ஒருபோதும் விடாதீர்கள். 98 சதவீதக் கந்தக அமிலம் தண்ணீரைப்போல 1.84 மடங்கு கனம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலாகவே நின்று, பிறக்கும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அதனால் பீக்கரில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. ஒரு லிட்டர் 1 மோலார் செறிவுள்ள நீர்த்த கரைசலுக்கு அடர் அமிலம் சுமார் 55 மில்லிதான் வேண்டும். அதற்கே பீக்கர் கையில் நன்றாகச் சுடும்.

சோதனைகளுக்கு வருவோம். லிட்மஸ் தாளை பாட்டிலுக்குள் முக்க வேண்டாம், கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும். துத்தநாகத் துண்டுக்கு 2 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாராளம். அதில் வரும் ஹைட்ரஜன் எரியும்போது கேட்கும் 'பாப்' சத்தம் பெரிதாக இருக்க வேண்டுமென்று, அதைக் குடுவையில் சேர்த்துக் கொளுத்தினால் வெடிப்பது குடுவைதான். சோதனைக்குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக்கூடாது. பளிங்குக் கல்லில் கந்தக அமிலம் ஊற்றினால் கொஞ்ச நேரம் நுரைத்து நின்றுவிடும், கல்லின்மேல் கால்சியம் சல்பேட் படலம் படிந்துவிடுவதால். இது தெரியாத மாணவன் 'ஆசிட்டில் பவர் இல்லை' என்று அடர் அமில பாட்டிலைத் தேடுவான். அங்கேதான் விபத்து. பளிங்குக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமே கொடுங்கள்.

அமிலம் புளிக்கும் என்று புத்தகத்தில் முதல் பண்பாகவே இருக்கும். அதைப் புளியிலும் எலுமிச்சையிலும் பார்த்துக்கொள்ளலாம், லேப்பில் அல்ல. திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. வாய்க்குப் பதில் உறிஞ்ச ஒரு ரப்பர் பல்ப் வாங்க என்ன பெரிய செலவு?

ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்தே உத்தரவு போட்டது. ஆசிட் பயன்பாட்டுக்குப் பதிவேடு வேண்டும், பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், லேப்பை விட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும். எங்கள் லேப் பதிவேட்டில் தேதி, வகுப்பு, எடுத்த அளவு, மீதி என்று கட்டங்கள் உண்டு. கடைசியில் நானே ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: குழாயில் தண்ணீர் வந்ததா?