திங்கட்கிழமை வயிற்றுவலி

திங்கட்கிழமை காலையில் மட்டும் "வயிறு வலிக்குது" என்று சொல்லும் பிள்ளைக்குப் பூச்சிமருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் அடிக்கடி பார்ப்பது இது. வலி பொய்யில்லை. பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் துன்புறுத்தினால், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வயிற்றில்தான் காட்டும். வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு மலசலகூடத்துக்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள். பாடசாலையில் டீச்சர் கண் படாத இடம் அதுதான். அங்கே மறித்து மிரட்டுகிறார்கள் என்று நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு.

காலையில் அடித்துக்கொண்டு மாலையில் சேர்ந்து விளையாடினால் அது வெறும் சண்டை, விட்டுவிடலாம். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையிடம் செய்வதுதான் துன்புறுத்தல் என்று நோர்வேயில் இதை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் வகுத்தார். தரம் 5 பையன் தரம் 2 பிள்ளையின் சாப்பாட்டைப் பிடுங்குவது அப்படித்தான். டவுன் பாடசாலையில் சேர்ந்த பிள்ளையை நாள்தோறும் "தோட்டக்காட்டான்" என்று இழிவாகக் கூப்பிடுவதும் அப்படித்தான். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்துதான் பொறுக்குகிறார்கள்.

"திருப்பி அடிடா" என்பார் அப்பா. அடிக்க முடிந்தால் அவன் ஏன் அழப்போகிறான்? அதைவிட எனக்குப் பயம், எதிர்க் காம்பரா வீட்டில் இருக்கும் அடித்த பிள்ளையின் குடும்பத்தோடு அம்மா சண்டைக்குப் போவது. ஒரே லய வீட்டு வரிசை, ஒரே தண்ணீர்ப் பீலி. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், மறுநாள் பாடசாலைப் பாதையில் வாங்கிக் கட்டுவது பிள்ளைதான்.

கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு "யார் அடிச்சா, சொல்லு" என்று அதட்டினால் வாய் திறக்காது. தலை வாரும்போது "இன்டர்வல்ல யாரோட இருந்த?" என்று ஆரம்பியுங்கள். சொன்ன பிறகு "நீ என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்காதீர்கள். யார், எங்கே, எந்த நாள் என்று குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். நேரில் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்றால் டீச்சருக்குத் தனியாக ஒரு வொய்ஸ் மெசேஜ் போதும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம்.

டீச்சர்மாருக்கும் ஒன்று. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகொடுக்கச் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை தலையாட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான். தனித்தனியே பேசுங்கள். துன்புறுத்திய பிள்ளையைப் பிரம்பால் அடித்தால், பலமுள்ளவர் அடிக்கலாம் என்பதைத்தான் அது கற்கும். இன்டர்வலில் மலசலகூடப் பக்கம் ஒரு ஆசிரியர் நின்றாலே பாதி குறையும்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள். பாடசாலை அசையவில்லையா? பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். காயம், பாலியல் சீண்டல், "செத்துப்போறேன்" என்ற பேச்சு இருந்தால் இந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே அழையுங்கள்.