94 பாகையில் கொதிக்கும் சூப்

முட்டையும் மீனும் இல்லாமல், நூடில்ஸும் டம்ப்ளிங்கும் போட்ட சூப் ஒன்று செய்யப் புறப்பட்டேன். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு டம்ப்ளிங் ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். கோதுமை மாவில் கொதிநீரை ஊற்றிப் பிசைந்து, கோவாவும் (முட்டைக்கோஸ்) கரட்டும் உள்ளே வைத்து மடித்து, சூப்பில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலுறைகள் குழைந்து பிய்ந்து, சட்டியில் மரக்கறிக் கஞ்சிதான் மிஞ்சியது. "கஞ்சி காய்ச்சவா காலையிலிருந்து இவ்வளவு பாடு?" என்றார் அம்மாயி.

தவறு தண்ணீரின் சூட்டில் இருந்தது. அரிசி மாவில் மாவைப் பிணைத்துப் பிடிக்கும் புரதம் இல்லை. அதனால்தான் கொழுக்கட்டைக்குக் கொதிநீர் வேண்டும்: சூட்டில் மாச்சத்து நீரைக் குடித்து வீங்கிப் பசையாகி, மாவை ஒட்டவைக்கிறது. கோதுமையின் கதை வேறு. அதில் குளுட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. பச்சைத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் இரண்டும் கைகோத்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்த வலையின் பெயர் குளூட்டன். இழுத்தால் நீள்வது கிளையடினால், விட்டால் சுருங்குவது குளுட்டெனினால். கொதிநீரை ஊற்றினால் புரதம் வெந்து உருக்குலைகிறது, மாச்சத்தோ நீரையெல்லாம் முந்திக்கொண்டு உறிஞ்சுகிறது. மாவு மென்மையாக மடங்கும், ஆனால் வலை இருக்காது. ஆவியில் அவிக்க அது போதும். கொதிக்கும் சூப்பில் புரண்டு எழ வேண்டிய டம்ப்ளிங்குக்குப் பச்சைத் தண்ணீர்தான் சரி.

இது தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தெரியாத விடயமல்ல. ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ அதிகமாகப் போட்டால் ரொட்டி பொலபொலவென்று உதிரும். தேங்காயின் எண்ணெய் புரத இழைகளைப் பூசிவிடுவதால் அவை சேர்ந்து நீள முடிவதில்லை. நூடில்ஸ் மாவில் எண்ணெய் விடாமலிருப்பது அதற்காகத்தான்.

முட்டை இல்லாமல் நூடில்ஸுக்கு அந்த மஞ்சள் நிறமும் துள்ளலும் எங்கிருந்து வரும்? அப்பச்சோடாவிலிருந்து. ஆனால் அப்படியே போட்டால் அதன் காரம் (மிளகாய்க் காரமல்ல, சவர்க்காரத்தில் இருக்கும் காரத்தன்மை) போதாது. உலர்ந்த தட்டில் பரப்பி, 130 பாகை அளவில் ஒரு மணி நேரம் அவன் (oven) அடுப்பில் வைத்தால், அது நீரையும் கரியமில வாயுவையும் இழந்து சோடியம் காபனேற்றாக மாறும். 100 கிராம் வைத்தால் கையில் கிடைப்பது 63 கிராம்தான். பார்வைக்குப் பழைய சோடாபோலவே இருக்கும், காரமோ பல மடங்கு. எனவே வெறுங்கையால் அள்ள வேண்டாம், போத்தலில் பெயர் எழுதி வையுங்கள். 100 கிராம் மாவுக்கு அதில் 1 கிராமும் தண்ணீர் 40 கிராமும் போதும். காரம் புரத வலையை இறுக்குகிறது. மாவில் நிறமற்றுக் கிடக்கும் பிளேவனாயிட்டு என்னும் தாவரப் பொருட்களை மஞ்சளாக்குகிறது. மஞ்சள் கறை பட்ட துணியில் சவர்க்காரம் பட்டதும் சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வித்தை.

இந்த மாவு கல்போல இருக்கும். முதல் தடவை நானும் பயந்து தண்ணீர் சேர்க்கப் போனேன். சேர்க்க வேண்டாம். மூடி அரை மணி நேரம் விடுங்கள், நீர் தானாகப் பரவி, முறுக்கேறிய வலை தளர்ந்து, உருட்டுக்கட்டைக்கு இணங்கும்.

சூப்பின் ருசிக்கு வருவோம், நான் அதிகம் மினக்கெட்டது இதில்தான். நம் சம்பலுக்கு உயிர் கொடுக்கும் மாசியும் ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் உறவுக்காரர்கள். இரண்டுமே சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்திச் செய்பவை. 1908இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர், கொம்பு என்னும் கடற்பாசியின் ருசிக்குக் குளுட்டமேட்தான் காரணம் என்று கண்டு, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் ஷின்டாரோ கொடாமா, கட்சுவோபுஷியின் ருசிக்கு இனோசினேட் காரணம் என்றார். மீன் வேண்டாம் என்றால் அது போய்விடும். அந்த இடத்தை நிரப்புவது உலர்ந்த ஷீட்டாக்கே காளானின் குவானிலேட். அதன் ருசியை 1957இல் கண்டறிந்தவர் அகிரா குனினாக்கா. குளுட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. குளுட்டமேட்டைத் தக்காளியும் சோயா சோஸும் தரும்.

இங்கேயும் தண்ணீரின் சூடுதான் சூட்சுமம். காளானின் செல்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை உடைத்துக் குவானிலேட் ஆக்கும் நொதியம் ஒன்று. உண்டான குவானிலேட்டை அழிக்கும் நொதியம் இன்னொன்று. அழிப்பது சூட்டுக்குச் சீக்கிரம் செயலிழக்கும், ஆக்குவது 60, 70 பாகை வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே இரவில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, காலையில் காளானோடு அந்த நீரையும் மெல்லிய தீயில் சூடாக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் இரண்டும் செத்துவிடும்.

உள்ளடக்கத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை: கோவா, கரட், லீக்ஸ், இஞ்சி, ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட். கோவாவை நறுக்கி உப்புப் பிசறி வைத்தால் நீர் விடும். அதைப் பிழியாமல் மடித்தால் டம்ப்ளிங் உள்ளிருந்தே ஊறிக் கிழியும். பிழிந்த நீரை உப்புப் பார்த்து சூப்பில் ஊற்றலாம்.

அடுத்தது அடுப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, எனவே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். விறகைத் தள்ளித் தள்ளித் தீயை ஏற்றினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. கூடுதல் நெருப்பெல்லாம் ஆவியாகிப் போகும். கோதுமை மாச்சத்து 60 பாகையைத் தாண்டியதும் வீங்கத் தொடங்குவதால் நூடில்ஸ் சற்றுத் தாமதமானாலும் வெந்துவிடும். கரட் அப்படியல்ல. அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளக 85 பாகைக்கு மேல் வேண்டும், அதற்கும் நமது கொதிநிலைக்கும் இடைவெளி குறைவு. அதனால் கரட்டைத் துண்டாக வெட்டாமல் துருவிப் போடுகிறேன்.

நூடில்ஸை சூப்பிலேயே அவிக்காதீர்கள். காரமும் கரைந்த மாச்சத்தும் சேர்ந்து சூப்பின் ருசியைக் கெடுக்கும். வேறு சட்டியில் அவித்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். டம்ப்ளிங் மிதந்தால் வெந்துவிட்டது என்பார்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, மாவும் வீங்கினால் எதுவும் மிதக்கும். மிதந்த பிறகு இன்னும் இரண்டு நிமிடம் விடுவேன்.

கண்டியில் இருக்கும் தங்கைக்கு இதே அளவுகளையும் நேரத்தையும் எழுதி அனுப்பினேன். நூடில்ஸ் குழைந்துவிட்டது என்று குறைப்பட்டாள். கண்டியின் உயரம் 500 மீற்றர்தான், அங்கே தண்ணீர் 98 பாகையில் கொதிக்கிறது. அரை நிமிடம் முன்னதாக இறக்கச் சொன்னேன்.